வடகரைமங்கலத்து வைக்கோல் போர்

பிப்ரவரி 2, ஞாயிறு

மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. இனி ஞாயிறுதோறும் நூலகத்தில் வகுப்பு நடத்த வேண்டுமாம். கைத்தொழில், வேளாண் வேலை எதுவானாலும் சரி. ஊர்க்காரர்களுக்கு ஊர்க்காரர்களே கற்றுக்கொடுக்க வேண்டும். நடந்ததற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும். வடகரைமங்கலம் ஊர்ப்புற நூலகத்தின் நூலகர், பெருக்குபவர், பூட்டுபவர் எல்லாமே நான்தான் என்பதால் இதுவும் என் தலையில் விழுந்தது.

நூலகத்தில் ஊரைக் கூட்டிக் கேட்டேன். தையல் வகுப்பு வைத்துவிடலாம் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். காரணம், என் பெயர் தையல்நாயகி. எனக்கு ஒரு பொத்தான்கூடத் தைக்க வராது என்பதை நாற்பத்தைந்து வயதில் ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்போதுதான் அங்கன்வாடி புனிதவதி எழுந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. "என் வயல்ல அறுப்பு முடிஞ்சு வைக்கோலு அப்படியே கெடக்கு. கட்டுற மிஷினு நடு வயல்ல நின்னு போச்சு. ஊர்ல பாதிப் பேரு வைக்கோலு அப்படித்தான் கெடக்கு. வெளியூர் மிஷினு எல்லாத்துக்கும் அங்கங்கயே கட்டுற வேலை. போர் வைக்கக் கத்துக்கிட்டா என்ன?" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்குப் போர் வைக்கத் தெரியும் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார் நாகமுத்து அண்ணன். நின்றுபோன மிஷினுக்குச் சொந்தக்காரரே அவர்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாகமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மனைவி மணிமேகலை தவறிப் போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். மகள் கல்யாணமாகித் திருப்பூரில். வாசலில் மிஷின் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கோவில் யானைபோல நின்றது.

"முடியாது லைப்ரரியம்மா" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள்.

"ஏண்ணே?"

"சின்ன வயசுலேர்ந்து வைக்கோல் சொணை. கழுத்து, காது, முதுகு எல்லாம் அரிக்கும். மூணு தடவ குளிச்சாலும் போவாது. அதுலேர்ந்து தப்பிக்கத்தான் லோனைப் போட்டு இந்த மிஷின வாங்குனேன். இப்ப நீங்க வந்து மறுபடி போய் அரிச்சுக்கிட்டு நில்லுங்கறீங்க."

"மிஷினுதான் ஓடலையே."

"பார்ட்ஸு சொல்லியிருக்கேன். வரும்."

பழைய கலை, பாரம்பரியம், வருங்காலத் தலைமுறை என்று உத்தரவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். கொட்டாவி விட்டார். கடைசியில், என் மாட்டுக்கு இந்தக் கோடைக்குத் தீனி இல்லை என்றேன். கல்யாணம் ஆகாததால் என் வீட்டில் நானும் அந்த மாடும்தான். அதன் பெயர் கலெக்டர். யார் கூப்பிட்டாலும் வராது என்பதால் புனிதவதி வைத்த பெயர்.

"கலெக்டருக்கா?" என்று கழுத்தைச் சொறிந்தார். "சரி. ஆனா நான் கீழ நின்னுதான் சொல்லுவேன். மேல ஏற மாட்டேன்."

ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் வகுப்பு. நூலகத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் நடந்தது. பரோட்டாக் கடை சாகுல் அண்ணன் கடையைத் திறப்பதற்கு முன்னால் வந்துவிட்டார். புனிதவதி தன் வயல் வைக்கோலை டிராக்டரில் கொண்டு வந்து இறக்கினாள். இன்னும் பலர் வந்தார்கள். வேலை செய்ய வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி.

நாகமுத்து அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு, கழுத்தில் துண்டு, காதில் பஞ்சோடு வந்தார். தேனெடுக்கப் போகிறவர் போலிருந்தது. ஆனால் பேச ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை. தரையில் நேராக வைக்கோலைப் போட்டால் கரையான் ஏறும். கல் வைத்து, மேலே சவுக்குக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும் என்றார். மிஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிப் போயிருப்பதால் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதிக்க வேண்டும் என்றார். நுனி பிளந்த கவைக்கம்பால் ஒரு அள்ளு அள்ளி, இடுப்பைத் திருப்பி, தலைக்கு மேலே விட்டெறிந்தார். வைக்கோல் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. சாகுல் அண்ணன் கை தட்டினார்.

மேலே நின்று மிதிக்க ஒரு ஆள் வேண்டும். சாகுல் அண்ணனை ஏற்றினோம். அவர் ஏறியதும் போர் பாதியாகிவிட்டது. கடைசியில் என்னை ஏற்றினார்கள்.

மிதிக்க மிதிக்கப் போர் உயர்ந்தது. நானும் உயர்ந்தேன். ஊரே தெரிந்தது. குளத்தங்கரை, பெருமாள் கோவில், யார் வீட்டு மாடியில் யார் துணி காய்கிறது என்பது வரை. வகுப்பு முடிந்து எல்லோரும் கைதட்டியபோதுதான் எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சறுக்கி வாங்க, நான் புடிச்சிக்கிறேன்" என்றார் நாகமுத்து அண்ணன்.

சறுக்கி வந்தேன். பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

போர் சாய்ந்துவிட்டது. நூலகத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல நிற்கிறது. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை எடுக்கிறார்கள்.

நாகமுத்து வந்து மூங்கில் முட்டுக் கொடுத்தார். "மொதல் போர் சாயத்தான் செய்யும்" என்றார். அவரும் கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் அதைப் பார்த்தார்.

பிப்ரவரி 12, புதன்

தபால்காரர் ஒரு பார்சலை நூலகத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆள் இல்லாத வீட்டுக்கு வருவதையெல்லாம் இங்கே வைப்பதுதான் வழக்கம். நாகமுத்துவின் மிஷினுக்கான பாகம். நல்ல கனம்.

கலைக்களஞ்சிய அலமாரிக்குக் கீழே பத்திரமாக வைத்தேன். சாயங்காலம் அவர் வந்து முட்டுக்கம்பைச் சரிபார்த்துவிட்டுப் போனார். பார்சலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வேலை அப்படி.

பிப்ரவரி 13, வியாழன்

விடிகாலையில் ஒரு பாட்டம் மழை. பருவம் தப்பிய மழை. தாழ்வான பள்ளக்கட்டு வயல்களெல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டன.

பார்சலைப் பற்றி இன்றும் சொல்ல மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாகமுத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஒரு புத்தகம் வேண்டும் என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "ஏதாவது" என்றார். ஆடு மாடு வைத்தியம் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தேன். அவரிடம் ஆடும் இல்லை, மாடும் இல்லை. வாங்கிக்கொண்டு, ஒரு பை நிறைய கொல்லைக் கொத்தவரங்காயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாகத்தைப் பற்றி அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

புனிதவதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாலு."

"பிப்ரவரி பதினாலு. ஊர் உலகத்துல ரோசாப்பூ குடுக்கறாங்க. ஒனக்குக் கொத்தவரங்கா."

"காய் குடுத்தா ஒரு தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? ஒண்ணு கேக்கறேன். முன்னெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அண்ணே அண்ணேம்ப. இப்ப அந்த அண்ணனக் காணுமே, எங்க போனாரு?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் போன பிறகு இந்த நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து காணவில்லைதான். எழுதும் அவசரத்தில் விட்டிருப்பேன்.

பொரியல் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாவது வகுப்பு. இதைப் போரின் பிரேதப் பரிசோதனை என்றுதான் சொல்ல வேண்டும்.

சாய்ந்த போரைப் பிரித்தோம். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. நடுவில் கையை விட்டால் ஈரம், சூடு, புளித்த வாடை. ஒரு பாட்டம் மழைக்கே இந்தக் கதி என்றால் கோடை மழைக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் நாகமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்தார். காதிலிருந்த பஞ்சையும் எடுத்தார்.

"எனக்குக் கீழ் வேலைதான் தெரியும். அடி போடுவேன், அள்ளி எறிவேன். மேல நின்னு மிதிச்சதெல்லாம் மணிமேகலை. எங்க வயலுக்கும் அவதான், அண்டை வயலுக்கும் அவதான். மேல என்ன செய்யறான்னு நான் ஒரு நாளும் பாக்கல. கழுத்து அரிக்குதுன்னு பொலம்பிக்கிட்டே எறிஞ்சிக்கிட்டு இருந்தேன்."

 புனிதவதி குனிந்து சிதறிய வைக்கோலைக் கூட்டினாள்.

சாகுல் அண்ணன் ஈர வைக்கோலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையலு, மேல நின்னப்ப நீ எங்க மிதிச்ச?" என்று கேட்டார்.

"நடுவுல."

"ஓரத்துக்குப் போவலியா?"

"விழுந்துடுவேன்னு பயம்."

"அதான் நடுவு குழிஞ்சு போச்சு. வைக்கோலெல்லாம் உள்பக்கமா சரிஞ்சு படுத்திருக்கு. தண்ணி அது மேலயே வழிஞ்சு நேரா உள்ள போயிருக்கு. நடுவு மேடா இருந்து, ஓரம் கீழ தாழ்ந்திருந்தா வெளிய வழிஞ்சிடும். கூரை மாதிரி."

ஊரில் எல்லோரும் சின்ன வயதில் போரைப் பார்த்தவர்கள்தான். அதில் ஒளிந்து விளையாடியவர்கள், அதன்மேல் ஏறி அடி வாங்கியவர்கள். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது ஆளாளுக்கு ஒன்று நினைவு வந்தது. உச்சியில் குடுமிபோல் முடிந்திருக்கும் என்றார் ஒருவர். பக்கங்களில் கவைக்கம்பால் தலை வாருவதுபோல வாரிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். மேலே வைக்கோலையே கயிறாகத் திரித்துக் குறுக்கே போட்டுக் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் என்றாள் புனிதவதி. "பிரின்னு பேரு, எங்க அம்மா திரிப்பாங்க" என்றாள். வகுப்புக்கு வந்திருந்த பூக்கட்டும் பெண்கள் உடனே உட்கார்ந்து திரித்துப் பார்த்தார்கள். மாலைபோல வந்தது. இன்னும் இறுக்கணும் என்று அவளே அதட்டினாள்.

நல்ல வைக்கோலை எடுத்து மறுபடி கட்டினோம். இந்தத் தடவை பயத்தை விட்டுவிட்டு ஓரத்தை மிதித்தேன். ஒரு முறை கால் வழுக்கியது. கீழே நாகமுத்து கவைக்கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்ததை ஊரே பார்த்தது. நான் விழவில்லை. அவருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

போர் நேராக நிற்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு.

பிப்ரவரி 19, புதன்

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காற்றழுத்தத் தாழ்வு, சனிக்கிழமையிலிருந்து கனமழை.

புனிதவதி மூச்சு வாங்க வந்தாள். "ஒரு போர் வெச்சுட்டோம், சந்தோசம். மத்த வயல்லாம் என்ன ஆவுறது? கெடக்குற வைக்கோலு நனைஞ்சா அழுகிடும். கோடைக்கு மாட்டை வித்துட்டு உக்கார வேண்டியதுதான். அந்த மனுசனோட மிஷினு ஓடுனா மேட்டு வயலெல்லாம் ஒரு நாள்ல கட்டிடும். பார்ட்ஸு இன்னும் வரலியாம்ல, எந்த ஊர்லேர்ந்து நடந்து வருது அது?"

நான் கலைக்களஞ்சிய அலமாரியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவள் போனதும் நூலகத்தைப் பூட்டினேன். பார்சலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். மிஷின் ஓடினால் அப்புறம் போர் எதற்கு, வகுப்பு எதற்கு, ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று வழியெல்லாம் ஒரே யோசனை. மாடுகளை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பார்சலை அவர் முன்னால் வைத்தேன். "போன வாரமே வந்துடுச்சு. மறந்துட்டேன்."

அவர் அதைப் பிரிக்கவில்லை. "தெரியும். டெலிவரி ஆச்சுன்னு அன்னிக்கே போன்ல மெசேஜு வந்துச்சு" என்றார்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் குடுக்கல?"

இருவரும் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பார்க்க அதில் நிறையவே இருந்தது.

பிறகு அவர் ஸ்பேனரை எடுத்தார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மிஷின் ஓடுகிறது. மேட்டு வயல்களில் வைக்கோல் உருளை உருளையாக விழுந்தது. ஊரே டிராக்டரும் தட்டுவண்டியுமாக அலைந்தது.

ஆனால் பள்ளக்கட்டுக்குள் மிஷினை இறக்கியதும் சக்கரம் புதைந்தது. மேலே வைக்கோல் காய்ந்திருந்தாலும் மண்ணில் போன வாரத்து மழை ஈரம். இழுத்து வெளியேற்றவே பெரும்பாடாகிவிட்டது. அந்த வயல்களின் வைக்கோலை ஆள்கள்தான் சுமந்து கொண்டு வர வேண்டும். போர்தான் வைக்க வேண்டும். மிஷினை நிறுத்திவிட்டு நாகமுத்து என்னிடம் வந்தார்.

"நாளைக்கு வகுப்பு வெச்சுக்கலாமா?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வகுப்பு ஞாயித்துக்கிழமைதான்."

"ஞாயித்துக்கிழமை மழை பேயும் தையல்நாயகி."

என் முழுப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

நாளெல்லாம் வைக்கோல் வாங்கிப் போட்டு விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

பள்ளக்கட்டு வைக்கோல் முழுவதும் நூலகத்துக்கு, பழைய போருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு போருக்கு நேரமில்லை என்று பெரிதாக ஒன்றே வைப்பதென முடிவு. அடி போட நாகமுத்து, ஓரம் பிடிக்கச் சாகுல் அண்ணன், பிரி திரிக்கப் புனிதவதியும் பூக்கட்டும் பெண்களும். சாகுல் அண்ணன் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களே இல்லை. எல்லோர் கையிலும் வைக்கோல் இருந்தது.

மேலே நான். போர் பெரிதாகிவிட்டதால் ஒரு ஆள் மிதித்துத் தீரவில்லை. நான் இந்த ஓரத்துக்குப் போனால் அந்த ஓரம் உப்பிக்கொண்டு நின்றது. கிழக்கே வானம் கறுத்துவிட்டது. இன்னொரு ஆளை ஏற்றுங்கள் என்று கத்தினேன். யார் யாரோ முன்வந்தார்கள். அதற்குள் நாகமுத்து ஏணியில் கால் வைத்துவிட்டார். மேலே ஏற மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தவர்.

மேலே வந்தவர் கொஞ்ச நேரம் மிதிக்கவே இல்லை. சுற்றிலும் பார்த்தார்.

"இங்கேருந்து ரயில்வே கேட்டு தெரியுதே" என்றார்.

"ஆமா."

"மணிமேகலை இதச் சொன்னதே இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சொணையாகவும் இருக்கலாம். அப்புறம் அந்த ஓரத்தில் அவரும் இந்த ஓரத்தில் நானுமாக, நடுவை மேடாக விட்டு, சுற்றிச் சுற்றி மிதித்தோம். உச்சியைக் குடுமி கட்டி, பிரியைக் குறுக்கே இழுத்துக் கல் கட்டித் தொங்கவிட்டபோது முதல் தூறல் விழுந்தது.

ஏணி இருந்தது. ஏணி வழியாகத்தான் இறங்கினேன். புனிதவதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிப்ரவரி 22, சனி

மழை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மழை. வகுப்பு கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டேன். இருந்தாலும் எல்லோரும் குடையோடு வந்துவிட்டார்கள். ஒருவரும் புத்தகம் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு, போரிலிருந்து தண்ணீர் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாகுல் அண்ணன் கடையிலிருந்து டீ வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் போல யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நாகமுத்து ஆடு மாடு வைத்தியப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். முழுவதும் படித்துவிட்டாராம். கலெக்டர் இரண்டு நாளாகச் சரியாக அசை போடவில்லை, வயிற்றுக் கோளாறாக இருக்கலாம், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்றார். என் மாடு அசை போடுவதை அவர் எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கூடி நின்றது. புதுப் போருக்குள் யார் கையை விடுவது என்று பேச்சு வந்து, கடைசியில் புனிதவதி முன்னால் போனாள். தோள் வரை கையை உள்ளே விட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அப்படியே நின்றாள். அவளுக்கு இதிலெல்லாம் ஒரு சந்தோஷம்.

பிறகு ஒரு பிடியை உருவி எடுத்து என் கையில் வைத்தாள். மொறமொறவென்றிருந்தது. வெயில் வாசனை அடித்தது.

கலெக்டரிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது. ஆளாளுக்கு இது தன்னால்தான் நின்றது என்றார்கள். எல்லாம் உண்மைதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

மாவட்டத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. போரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதக் கத்துக்கொடுத்த ஆசிரியர் யாரு? அவர மட்டும் தனியா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

நான் நாகமுத்துவைக் காட்டினேன். நாகமுத்து சாகுல் அண்ணனைக் காட்டினார். சாகுல் அண்ணன் புனிதவதியைக் காட்டினார். புனிதவதி என்னைக் காட்டினாள். அதிகாரியம்மா கொஞ்சம் திணறினார். பிறகு சிரித்துவிட்டு, "அப்படியே நில்லுங்க" என்று, ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தபடியே படம் பிடித்தார். திருட்டுக் கேஸில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருக்கிறோம்.

மார்ச் 2, ஞாயிறு

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நாகமுத்து மட்டும் போரைச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். கலைந்த இடம் ஒன்றும் இல்லை. இருந்தும் கவைக்கம்பால் வாரிவிட்டுக்கொண்டிருந்தார். நான் நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து நின்றேன்.

"ஒரு மாடு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"நல்லது."

"மாடு வாங்குனா வைக்கோலு வேணும்."

"வேணுந்தான்."

"என் கொல்லையில ஒரு போர், ஒங்க கொல்லையில ஒரு போர்னு ரெண்டு வெக்கிறது வீண் வேலை. ரெண்டு மாடும் ஒரே எடத்துல நின்னா ஒரே போரு போதும். பெருசா வெச்சுக்கலாம்."

"எந்த எடத்துல?"

"அது ஒங்க விருப்பம். நான் எங்க வேணா அடி போடுவேன்."

 வைக்கோலைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளையாக அவர் போன் அடித்தது. திருப்பூரிலிருந்து மகள். எடுத்து இரண்டு வார்த்தை பேசினார். காது வரை சிவந்துபோய், "ஒங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, வாரி முடித்த பக்கத்தையே மறுபடி வாரப் போய்விட்டார்.

"லைப்ரரி அத்தை, நல்லா இருக்கீங்களா? அப்பா விஷயத்தச் சொன்னாரா?"

"இல்லியேம்மா. வைக்கோலப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தாரு."

அந்தப் பக்கம் அவள் சிரித்தது போரின் மறுபக்கத்துக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப சொல்லிட்டாருன்னு அர்த்தம் அத்தை. நீங்க என்ன சொன்னீங்க?"

வாருகிற சத்தம் நின்றுபோனது. காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"பெருசாவே வெச்சுக்கலாம்னு சொல்லிடும்மா" என்றேன்.